போட்டிக்கோ மேசனின் கண்மட்டம்

இணுவிலில் சுவர் கட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். கட்டிய சுவரை ஒரு கண்ணைச் சாத்திக்கொண்டு பார்த்து, அது எத்தனை நூல் சாய்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர் ஒருவர்தான் என்பது ஊரில் உலாவுகிற கதை. அந்தக் கதையை உலாவ விட்டவரும் அதே ஒருவர்தான். பெயர் பிரகலாதன், வயது நாற்பத்தொன்று, தொழில் மேசன்.

நூல் என்றால் தைக்கிற நூல் இல்லை. ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. அந்த அளவுக்குச் சுவர் சாய்ந்தால் வீட்டுக்காரருக்குத் தெரியாது, அதில் குடியிருக்கிற பல்லிக்கும் தெரியாது. பிரகலாதனுக்குத் தெரியும். மற்ற மேசன்மார் 'மட்டம்' என்று ஒரு கருவி வைத்திருப்பார்கள். கண்ணாடிக் குழாய்க்குள் நீர்க்குமிழி ஓடுமே, அதுதான். அதை அவர் வாழ்நாளில் வாங்கியதில்லை. கண்மட்டம் உள்ளவனுக்குக் குமிழி எதற்கு என்பது அவருடைய கட்சி.

இவ்வளவு கூர்மையான கண்ணுக்கு ஒரு விஷயம் மட்டும் தட்டுப்படாமல் போனது. அது அவருடைய சொந்தத் தாடை. பதினாறு வயதில் முன்னுக்கு வளரத் தொடங்கிய கீழ்த்தாடை, இருபதில் மேற்பல்லைத் தாண்டி வெளியே வந்து, போதாக்குறைக்கு இடப்பக்கம் சாய்ந்தும் நின்றது. ஊர் சும்மா இருக்குமா? கார் விடுவதற்கு வீட்டு முகப்பில் நீட்டிக் கட்டுவார்களே, அதை நினைத்து 'போட்டிக்கோ' என்று பெயர் வைத்துவிட்டது. அவர் கோபிக்கவில்லை. தொழிலோடு சேர்ந்த பட்டம் என்று எடுத்துக்கொண்டார். வீட்டில் சவரத்துக்கு வைத்திருந்த கண்ணாடி உள்ளங்கை அளவு. ஒரு நேரத்தில் ஒரு கன்னம்தான் அதில் தெரியும்.

இனி நடராசாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடம்பெயர்ந்த சனம் திரும்பி வந்து இடிந்த வீடுகளைத் திருத்தத் தொடங்கிய காலத்தில் இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்தார்கள். நடராசா பதினைந்து வயது மூப்பு. பிரகலாதன் பத்து வார்த்தை கதைத்தால் அவர் அரை வார்த்தை கதைப்பார். பன்னிரண்டு வருடம் ஒரே சாரத்தில் ஏறி, ஒரே பிளாஸ்க்கில் தேத்தண்ணி குடித்து, நாற்பதுக்கு மேற்பட்ட வீடுகளை எழுப்பினார்கள். அந்தக் கூட்டு மூன்று வருடத்துக்கு முன்னர், ஓய்வுபெற்ற ஆசிரியை குணலட்சுமியின் குசினிச் சுவரில் முடிந்தது.

அந்தச் சுவரைக் கட்டியவர் நடராசா. பிரகலாதன் வந்து ஒரு கண்ணைச் சாத்திப் பார்த்துவிட்டு, ஒரு நூல் மேற்கே சாய்கிறது என்றார். நடராசா மட்டத்தை வைத்துக் காட்டினார். குமிழி நடுவில் நின்றது. அப்படியென்றால் மட்டம்தான் பிழை என்றார் பிரகலாதன். சொன்னதோடு நின்றிருக்கலாம். இரும்பு அலவாங்கை எடுத்து ஆறு வரிசைக் கல்லைத் தள்ளி விழுத்தினார். அதோடும் நின்றிருக்கலாம். ஆசிரியையும் வேலையாட்களும் பார்த்துக்கொண்டு நிற்க, "வயசு போனால் கண் தெரியாதண்ணை. நீங்கள் வீட்டிலை இருங்கோ," என்றார்.

நடராசா சாந்துக் கரண்டியை வாளித் தண்ணீரில் கழுவித் துடைத்துப் பைக்குள் வைத்து, பையைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு போனார். அன்றைக்குப் போனவர்தான். பிறகு அச்சுவேலியில் மகள் வீட்டோடு இருந்து கொண்டு, வளவில் அச்சு வைத்துச் சீமெந்துக் கல் அரிந்து விற்கிறார் என்று கேள்வி. கோயிலில் எதிரெதிரே கண்டால் ஒருவர் கோபுரத்தைப் பார்ப்பார், மற்றவர் செருப்பைத் தேடுவார்.

அதற்குப் பிறகு பிரகலாதனிடம் ஐந்து கூட்டாளிகள் வந்து ஐந்து பேரும் போனார்கள். ஒருவனுக்குக் கை ஓடாது, ஒருவனுக்குப் போன் ஓயாது. உண்மையான காரணம் அதுவல்ல. பின்னேரம் தேத்தண்ணி குடிக்கிற நேரம் பக்கத்தில் நடராசா இல்லாதது அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. தான் சொன்னது பிழையான வார்த்தை என்று அன்று இரவே தெரியும். போய் மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் மன்னிப்புக் கேட்டால் சுவர் நேராக இருந்தது என்று ஆகிவிடும். சுவர் நேர் என்றால் கண்மட்டம் பிழை. கண்மட்டம் பிழை என்றால் பிரகலாதனிடம் மிச்சம் என்ன இருக்கிறது? தாடைதான்.

அந்தத் தாடையும் மெல்ல மெல்லக் கழுத்தறுக்கத் தொடங்கியது. முன்பற்கள் ஒன்றையொன்று தொடாததால் தேத்தண்ணிக் கடையில் ஒரு றோல்ஸைக்கூடக் கடிக்க முடியாது, பிய்த்துத்தான் போட வேண்டும். காதடியில் வலி, கொட்டாவி விட்டால் கடகடவென்று சத்தம். மனைவி உதயகலா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் பட்டினத்து ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தாடை வைத்தியர் சுபாஜினி சின்ன வயது, சிரித்த முகம். எலும்பை வெட்டிப் பின்னுக்குத் தள்ளித்தான் திருத்த வேண்டும், அதற்கு முதல் பல்லை வரிசைப்படுத்த ஒன்றரை வருடம் கம்பி போட வேண்டும் என்றார். நாற்பது வயது மேசன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிப் பல்லில் கம்பியோடு சாரத்தில் ஏறினார். இப்போது போட்டிக்கோவுக்கு கிறில் போட்டாயிற்று என்று ஊர் சொன்னது.

கம்பிக் காலம் முடிந்து, ஒப்பரேசனுக்குத் திட்டம் போடுகிற நாள் வந்தது. சுபாஜினி ஒரு சின்ன அறைக்குள் அவரை நிற்க வைத்து, கண்ணை முழுதாக மூடுகிற ஒரு கறுப்புக் கண்ணாடிப் பெட்டியைத் தலையில் மாட்டினார். ஸ்கான் எடுத்த எலும்பை அதற்குள் உருவமாகப் பார்க்கலாமாம், சுற்றி நடக்கலாமாம், வெட்டியும் பார்க்கலாமாம். மெய்நிகர் என்று பெயராம். உண்மையான கத்தி வைக்க முதல் இதற்குள் நாலைந்து தரம் வெட்டிப் பார்த்து, எது சரி என்று தெரிந்த பிறகுதான் ஒப்பரேசன். இன்னொரு பெட்டியைத் தானும் மாட்டிக்கொண்டார்.

பிரகலாதன் கண்ணைத் திறந்தார். எதிரே அந்தரத்தில் ஒரு மண்டையோடு நின்றது. நீர்ப்பூசணி அளவு. உதயகலா அறைக்கு வெளியே இருந்ததால் முருகா என்று அவர் கூப்பிட்டது வைத்தியருக்கு மட்டும்தான் கேட்டது. பயம் அரை நிமிடம்தான். அதற்குப் பிறகு தொழில் முன்னுக்கு வந்துவிட்டது. மண்டையோட்டைச் சுற்றி நடந்தார், குனிந்து அடிப்பக்கம் பார்த்தார், அத்திவாரம் எப்படி என்று தட்டிப் பார்க்கக் கையை நீட்டினார். கை வெறுங்காற்றில் போய் மேசை விளக்கை விழுத்தியது.

வைத்தியர் கையில் இருந்த பிடியை அசைக்க, கீழ்த்தாடை இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டுத் தனியே வந்தது. தூசி இல்லை, சத்தம் இல்லை. மெல்லப் பின்னுக்குத் தள்ளினார். பற்கள் வந்து பற்களோடு பொருந்தின. பிரகலாதனுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. இடிக்க முதல் இடித்துப் பார்க்கிற வசதி மேசன்மாருக்கு இருந்தால் எத்தனை சுவர் தப்பியிருக்கும்.

அப்போதுதான் சுபாஜினி சொன்னார், "இனித் தாடை நேரோ எண்டு பார்க்க வேணும். அதுக்கு முதல் உங்கடை கண்மட்டத்தைப் பாப்பம்."

பிரகலாதனின் நெஞ்சு நிமிர்ந்தது. படித்த பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது. இணுவிலில் ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம், என்ரை கண்மட்டத்தை ஒருத்தரும் குறை சொன்னதில்லை என்று அவர் தொடங்கினார். வைத்தியர் அதைக் காதில் வாங்கவில்லை. வைத்தியர் சொன்ன கண்மட்டம் வேறு. இரண்டு கண்குழிகளுக்கும் ஊடாக ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். பிறகு நிலத்துக்குச் சமாந்தரமாக ஒரு பச்சைக் கோடு இழுத்தார். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழவில்லை. இடப்பக்கம் சிவப்புக் கோடு கீழே இறங்கியிருந்தது.

"உங்கடை கண்மட்டம் பிழை," என்றார் சுபாஜினி. "மூண்டு மில்லிமீற்றர்."

பிரகலாதன் மனதுக்குள் கணக்குப் போட்டார். மூன்று மில்லிமீற்றர் என்றால், ஒரு நூல்.

அப்படியென்றால் உங்களுடைய மட்டம்தான் பிழை என்று சொல்வதற்காக வாயைத் திறந்தார். பாதி வந்த வார்த்தை அங்கேயே நின்றது. அதே வார்த்தையை, அதே குரலில், அலவாங்கோடு நின்று தான் சொன்னது அவருக்கே கேட்டது. பெட்டியைக் கழற்றிவிட்டுக் கதிரையில் இருந்தார். வைத்தியர் பதறிப் போய்த் தண்ணீர் கொடுத்தார். அநேகம் பேருடைய முகம் இப்படித்தான், கண்குழி கொஞ்சம் இறங்கியிருந்தாலும் பார்வை கோணாது, மூளை அதைச் சரிக்கட்டிக்கொள்ளும், தாடையை எந்தக் கோட்டுக்கு வைப்பது என்பதுதான் எங்களுடைய கேள்வி என்று விளக்கினார். பிரகலாதன் காதில் ஒன்றும் ஏறவில்லை. கடைசியாகச் சொன்னது மட்டும் ஏறியது. ஒப்பரேசன் இன்றிலிருந்து பதினாலாம் நாள். அதற்குப் பிறகு மேற்பல்லையும் கீழ்ப்பல்லையும் ரப்பர் போட்டுக் கட்டிவிடுவோம், ஒரு மாதத்துக்கு மேலே ஒழுங்காகக் கதைக்க ஏலாது, ஆருக்கும் ஏதும் சொல்ல வேண்டியிருந்தால் முதலே சொல்லி முடியுங்கோ என்று பகிடியாகச் சொல்லி, மண்டையோட்டின் படத்தையும் அவருடைய போனுக்கு அனுப்பிவிட்டார்.

அடுத்த நாள் பிரகலாதன் தன் வாழ்நாளில் முதன்முதலாக ஒரு மட்டம் வாங்கினார். தெரிந்தவர்கள் காணாதபடி சுன்னாகத்தில் போய் வாங்கினார். அதைத் துவாயில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு, தான் கட்டிய வீடுகள் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கினார். கண் கோணல் என்றால் கட்டினதெல்லாம் கோணலாகத்தானே இருக்க வேண்டும்? ஒரு வீட்டில் தண்ணீர் கேட்கிற சாட்டில் புகுந்தார். இன்னொரு வீட்டில் பிரதேச சபையால் அளக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து மதிலடியில் புதிதாகக் கட்டின கோழிக்கூட்டை அவசரமாகத் தென்னோலைக் கிடுகால் மறைத்தார்கள். ஒரு வீட்டுக்காரி, கட்டிப் பத்து வருடத்துக்குப் பிறகு வந்து பார்க்கிற இப்படி ஒரு மேசனை எங்கே காண்பது என்று கண்கலங்கி, வடையும் தேத்தண்ணியும் கொடுத்தார்.

பதினொரு வீடு பார்த்தார். பதினொன்றும் நேர். குமிழி நடுவை விட்டு அசையவில்லை. வேறொருவர் என்றால் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்திருப்பார். பிரகலாதனுக்கோ ஒவ்வொரு வீட்டிலும் முகம் தொங்கிக்கொண்டே போனது. சுவரெல்லாம் கோணலாக இருந்திருந்தால் பழியை எலும்பில் போட்டிருக்கலாம். பிறவிக் கோளாறு, நான் என்ன செய்ய என்று நடராசாவிடம் சொல்லியிருக்கலாம். மன்னிப்பு என்ற வார்த்தை தேவைப்பட்டிருக்காது.

பன்னிரண்டாவது குணலட்சுமி ஆசிரியையின் குசினி. நடராசா கட்டியதை இடித்துவிட்டுத் தன் கையால் திரும்பக் கட்டிய சுவர். மட்டத்தை வைத்தார். குமிழி மெல்ல ஒரு பக்கம் ஒதுங்கியது. ஒரு நூல், கிழக்கே. அடுப்படியில் நின்ற ஆசிரியை, அந்தச் சுவரில் மாட்டின கலண்டர் கட்டின நாளிலிருந்து சரிவாகத்தான் தொங்குகிறது, சொன்னால் நீர் கோபிப்பீர் என்று சொல்லவில்லை என்றார்.

ஒப்பரேசனுக்கு நான்கு நாள் இருக்கும்போது பிரகலாதன் அச்சுவேலிக்குப் போனார். நடராசா வளவில் சீமெந்துக் கலவையை அச்சுக்குள் இறுக்கிக்கொண்டு நின்றார். பிரகலாதன் வழி நெடுகச் சொல்லிப் பார்த்து வந்தது ஒரேயொரு வார்த்தை. அது தொண்டை வரைக்கும் வந்தது. அதற்கு முதல் கை போனை எடுத்துவிட்டது. மண்டையோட்டைக் காட்டி, சிவப்புக் கோடு, பச்சைக் கோடு, கண்குழி, மூன்று மில்லிமீற்றர் என்று ஒரு பெரிய பிரசங்கமே வைத்தார். எல்லாம் எலும்பு செய்த வேலை, அதில் தனக்குப் பங்கில்லை என்கிற மாதிரி முடித்தார்.

நடராசா கையைக் கழுவி, கண்ணாடியை எடுத்துப் போட்டு, படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ஆர் உது?"

"நான்தான் அண்ணை."

"மெலிஞ்சு போனாய்," என்றார் நடராசா.

பிறகு, மற்ற வீடுகளின் சுவர் எப்படி என்று கேட்டார். பிரகலாதனுக்குப் பொய் சொல்லவும் வரவில்லை. பதினொன்று பார்த்தேன், பதினொன்றும் நேர், இடித்துக் கட்டின அந்த ஒன்றுதான் கோணல் என்றார். நடராசா போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப பிழை கண்ணிலை இல்லைத் தம்பி. வாயிலை. அதைத்தானே டொக்டர் வெட்டித் திருத்தப் போறா? நல்லது."

திரும்பி அச்சைக் கையில் எடுத்துவிட்டார். பிரகலாதன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். நின்றும் அந்த வார்த்தை வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் உதயகலா வாசல் படலையடியிலேயே மறித்து, அண்ணையிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்றார்.

"படம் காட்டினன்," என்றார் பிரகலாதன்.

உதயகலா அவரைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. மிச்சம் மூன்று நாளும் அச்சுவேலிக்குத் திரும்பப் போவதாகச் சொல்லிச் சொல்லி, மழை, பெற்றோல், தலையிடி என்று மூன்றையும் கழித்தார் நம்முடைய வீரர்.

ஒப்பரேசன் திட்டம் போட்டபடியே நடந்தது. மெய்நிகரில் நாலைந்து தரம் வெட்டிப் பார்த்த கை, உண்மையில் ஒரே தரத்தில் வெட்டியது. தாடை பின்னுக்குப் போனது, நடுவுக்கும் வந்தது. ஆனால் ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தபோது அதெல்லாம் வெளியே தெரியவில்லை. முகம் இரண்டு பங்கு வீங்கி, உதடுகள் ஒன்றையொன்று தொட முடியாமல் தடித்துப் போய், பற்கள் ரப்பரால் இறுகக் கட்டுண்டு கிடந்தார். உதயகலா பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழை மீனும் முள்ளும் இல்லாமல் வடித்து, பெரிய ஊசிக் குழாயால் கன்னத்து ஓரமாக விட்டுக்கொண்டிருந்தார். கல்யாணம் கட்டிப் பதினாறு வருடத்தில் வீடு இவ்வளவு அமைதியாக இருந்தது இதுதான் முதல்தரம் என்று அயலில் சொல்லி மகிழ்ந்தார்.

அன்று பின்னேரம் படலையில் சைக்கிள் மணி கேட்டது. நடராசா வந்து, செருப்பைக் கழற்றி, உதயகலா போட்ட கதிரையில் இருந்தார். வீங்கின முகத்தைப் பார்த்து, நோகுதோ என்று கேட்டார். பிரகலாதன் இல்லை என்று தலையாட்டினார். பிறகு ஓம் என்று தலையாட்டினார். அதன் பிறகு, பன்னிரண்டு வருடம் அரை வார்த்தை பேசிய அந்த மனிதர் கதைக்கத் தொடங்கினார். நீ எனக்கு ஒரு பதில் சொல்ல இடம் விட்டதில்லை என்றார். சாந்து குழைக்கிற பதத்திலிருந்து சாப்பாட்டு நேரம் வரை எல்லாம் உன் சொல்தான் என்றார். சுவரை விழுத்தினது பெரிதில்லை, சுவர் ஆயிரம் விழும், வேலையாட்களுக்கு முன்னால் கண் தெரியாது என்று சொன்னாயே, அன்று தொடக்கம் சாரத்தில் ஏறினால் எனக்குக் கால் நடுங்குகிறது, அதனால்தான் நிலத்தில் நின்று கல் அரிகிறேன் என்றார். இதைச் சொல்லும்போது நடராசா குரலை உயர்த்தவில்லை.

பிரகலாதனுக்கு இது தெரியாது. கால் நடுங்குவதைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. கோபத்தில் போனார் என்றுதான் மூன்று வருடமும் நினைத்திருந்தார். சுவர், நூல், கண்மட்டம் ஒன்றும் அந்த நேரம் நினைவில் இல்லை. கட்டிலில் கையை ஊன்றி எழும்பி இருந்தார்.

"அண்ணை, ன்னிச்சுக்கொள்ளுங்கோ."

உதடு சேராததால் 'ம' வரவில்லை. ரப்பருக்குள்ளால் மிச்சமும் காற்றோடு கலந்துதான் வந்தது.

"என்ன? விளங்கேல்லை," என்றார் நடராசா.

பிரகலாதன் மூச்சை எடுத்துத் திரும்பச் சொன்னார். வாயோரம் எச்சில் வழிந்தது. உதயகலா துவாயால் துடைத்துக்கொண்டு, அண்ணை, இவர் சொல்லுறது என்னவென்றால் என்று தொடங்கினார். நடராசா கையைக் காட்டி மறித்தார்.

"நீர் பேசாமல் இரும் பிள்ளை. அவன் சொல்லட்டும். சொல்லு தம்பி, விளங்கேல்லை."

மூன்றாம் தரம் பிரகலாதன் மெல்ல, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். தாடையில் நொந்தது. அதற்குள் கண்ணால் தண்ணீர் இறங்கத் தொடங்கிவிட்டது, இரண்டு கண்ணாலும்.

நடராசா கதிரையைக் கட்டிலடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"முதல் தரமே விளங்கீட்டுது," என்றார். "மூண்டு வருசமெல்லே? வருசத்துக்கு ஒண்டு."